பொம்மைத் தலைக்கு முடி வரைவது: மதுரையிலிருந்து ஒரு கேள்வி, குன்னூரிலிருந்து குறிப்புகள்

2023 ஜூலை 9, மதுரைத் தம்பி கேட்டது

விளாச்சேரியில் வர்ணம் அடிக்காத மண் பொம்மை ஒன்று வாங்கி வந்தேன். இடுப்பில் குடத்தோடு நிற்கும் பெண், ஆறு அங்குல உயரம். முகமும் சேலையும் ஓரளவு வந்துவிட்டன. முடிதான் கெடுக்கிறது. ஹார்டுவேர் கடையில் வாங்கிய கருப்பு எனாமல் அடித்தேன், தார் ஊற்றியது போல் ஆகிவிட்டது. அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஒவ்வொரு முடியாக இழுத்துப் பார்த்தேன். இப்போது ஹெல்மெட்டுக்குக் கோடு போட்டது போல் இருக்கிறது. இன்னும் மெல்லிய பிரஷ் வாங்கினால் சரியாகிவிடுமா?

ஜூலை 9, இரவு

ஆகாது தம்பி. கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் தலைமுடியின் தடிமன் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரை. ஆறு அங்குலப் பொம்மை என்றால் நிஜ ஆளில் பத்தில் ஒரு பங்கு. அந்த அளவில் ஒரு முடி 0.01 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். நான் பகலில் தையல் மெஷினும் இரவில் பொம்மையுமாக இருக்கிறவள், ஊசியில் நூல் கோக்கிற கை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தால்கூட எனக்கு வருகிற மிக மெல்லிய கோடு 0.2 மில்லிமீட்டர்தான். பொம்மையில் 0.2 என்றால் நிஜத்தில் 2 மில்லிமீட்டர். அதாவது அந்தப் பெண்ணின் தலையில் நீங்கள் ஊதுவத்தியை அடுக்கி வைத்திருக்கிறீர்கள்.

முடியை வரையக் கூடாது. முடி எந்தப் பக்கம் விழுகிறது, வெளிச்சம் அதில் எங்கே உட்காருகிறது, இந்த இரண்டை மட்டும் வரைந்தால் போதும். மீதியைப் பார்க்கிறவர் கண் சேர்த்துக்கொள்ளும்.

முதலில் அந்த எனாமலை எடுங்கள். பொம்மை செய்தவர் தலையில் கீறி வைத்த வரிகளெல்லாம் அதற்கு அடியில் மூழ்கிக் கிடக்கின்றன. தின்னரில் நனைத்த பஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாகத் துடையுங்கள். நெற்றிப் பக்கம் பஞ்சு போக வேண்டாம், அக்ரிலிக்கும் கரைந்து முகம் போய்விடும்.

ஜூலை 10

நேற்று தூக்கக் கலக்கத்தில் செய்முறையைச் சொல்லாமலே முடித்துவிட்டேன். நான் செய்வது இதுதான்.

பாட்டிலில் வரும் கருப்பைத் தொடவே மாட்டேன். பர்ன்ட் அம்பர் என்கிற கரும்பழுப்பையும் அல்ட்ராமரைன் நீலத்தையும் கலந்தால் கருப்புக்கு வெகு அருகில் ஒரு நிறம் வரும். அம்பர் கூடினால் வெயிலில் நிற்கிற முடி, நீலம் கூடினால் நிழலில் நிற்கிற முடி. இதைத் தண்ணீர் விட்டு இளக்கி, இரண்டு மூன்று தடவை மெல்லிசாக ஏற்றுங்கள். ஒரே அடியில் மூடப் பார்த்தால் வரிகள் மறுபடி நிரம்பிவிடும்.

காய்ந்த பிறகு அதே கலவையை இன்னும் கருக்கி, டிகாஷன் பதத்துக்கு நீர்க்க விட்டு, வரிகளின் பள்ளத்தில் ஓட விடுங்கள். மேட்டில் தங்கியதைச் சுத்தமான ஈர பிரஷ்ஷால் எடுத்துவிடலாம். அதன் பிறகு அடித்தள நிறத்தில் துளி எல்லோ ஆக்கரும் (மண் மஞ்சள்) வெள்ளையும் சேர்த்து மேடுகளில் மட்டும் தொட வேண்டும். தலை முழுக்க வேண்டாம். உச்சியிலிருந்து காது வரைக்கும் உள்ள வளைவில், வெளிச்சம் நேராகப் படும் ஒரு பட்டையில் மட்டும். மேலும் கீழும் அது கரைந்து போக வேண்டும். கடைசியாக அடித்தள நிறத்தையே கண்ணாடி மாதிரி நீர்க்க எடுத்து எல்லாவற்றின் மேலும் ஒரு தடவை போர்த்திவிட்டால் தனித்தனியாகத் தெரிந்தவை ஒன்றாகச் சேரும்.

உலர்ந்த பிரஷ்ஷில் வண்ணத்தைத் துடைத்துவிட்டு மேலாகத் தேய்க்கும் வழியும் இருக்கிறது. கம்பளி, ஆட்டுத் தாடி, எருமை முதுகு இவற்றுக்கெல்லாம் பிரமாதம். பெண்களின் வாரிய முடிக்கு மட்டும் செய்யாதீர்கள், மாவு மில்லில் நின்றவள் போல் ஆகிவிடுவாள்.

பிரஷ்ஷைத் தலைவாரும் திசையிலேயே ஓட்ட வேண்டும். சுழியிலிருந்து புறப்பட்டு, வகிட்டில் பிரிந்து, காதுக்குப் பின்னால் போகிற திசை. எதிர்த் திசையில் ஒரு கோடு விழுந்தாலும் கண் அங்கே போய் நின்றுவிடும்.

ஜூலை 14

பிரஷ் நம்பர் கேட்டவருக்கு: மூன்று சைபர், ஐந்து சைபர் என்று வரும் மிக மெல்லிய பிரஷ்ஷெல்லாம் வேண்டாம். அவற்றில் வண்ணம் நிற்காது, பொம்மைக்குக் கொண்டுபோவதற்குள் நுனியில் காய்ந்துவிடும். நுனி கூராக நிற்கும் ஒன்றாம் நம்பர் போதும். சிந்தெடிக்கே நன்றாக வருகிறது. நுனி வளைந்துவிட்டால் அதைப் பள்ளத்தில் வண்ணம் ஓட விட வைத்துக்கொண்டு, புதிதை மேட்டுக்கு எடுங்கள்.

கீரி முடி பிரஷ் கிடைத்தால் வாங்கலாமா என்று ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். வேண்டாம் அண்ணா. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கீரி பாதுகாக்கப்பட்ட உயிர். அதன் முடியில் பிரஷ் செய்வதும் விற்பதும் குற்றம். ஒரு பிரஷ்ஷுக்குத் தேவையான முடிக்காக அந்தப் பிராணியைக் கொல்கிறார்கள். எங்கள் வீட்டுப் பின்பக்கத் தேயிலைக்குள் ஒன்று குட்டிகளோடு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த முடியைக் கையில் பிடித்துக்கொண்டு என்னால் எதையும் வரைய முடியாது.

ஜூலை 22

பஸ்ஸில் வரும்போது கவனித்தது. இரண்டு நாளாக இங்கே மூட்டம், எதிரில் வரும் வண்டியே தெரியவில்லை. முன் சீட்டில் மூன்று பெண்கள். மூன்று பேருடைய முடியிலும் பட்டையாக மினுக்கம் எதுவும் இல்லை. மேலே முழுவதும் பால் கலந்தது போல் ஒரே மாதிரி மங்கல், கழுத்துப் பக்கம் மட்டும் இருட்டு. போன ஜனவரியில் இதே பஸ்ஸில் வெயில் அடித்தபோது பார்த்தது வேறு. அன்று உச்சியில் நறுக்கென்று ஒரு வளையம், அதற்குப் பக்கத்திலேயே செம்பழுப்பு.

இதற்குக் காரணம் இருக்கிறது. முடியின் மேல் மீன் செதில் போல் அடுக்குகள் உண்டு. படும் வெளிச்சத்தில் ஒரு பங்கு அந்த மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடுகிறது. அதில் முடியின் நிறம் கலப்பதில்லை. வானம் நீலமாக இருந்தால் நீலம், மூட்டமாக இருந்தால் பால் நிறம். இன்னொரு பங்கு முடிக்குள் நுழைந்து, பின்சுவரில் பட்டு, வெளியே வருகிறது. அது முடியின் நிறத்தை ஏற்றிக்கொண்டு வருவதால் பழுப்பாகத் தெரிகிறது. செதில்கள் சாய்ந்திருப்பதால் இரண்டும் ஒரே இடத்தில் விழாமல், முதலாவது கொஞ்சம் நுனிப் பக்கமும் மற்றது கொஞ்சம் வேர்ப் பக்கமும் தள்ளி விழும். நம் ஊர்க் கருப்பு முடியில் இரண்டாவது மங்கல்தான், நல்ல வெயில் இருந்தால்தான் தெரியும்.

அதனால் மினுக்கத்துக்கு என்ன நிறம் என்ற கேள்விக்கு, பொம்மை எந்த வெளிச்சத்தில் நிற்கிறது என்று முடிவு செய்யாமல் பதில் இல்லை. மதுரைத் தம்பியின் பெண் வெளியில் தண்ணீர் எடுத்து வருகிறாள், மதுரை வெயில். எனவே நுனிப் பக்கம் வெளிறிய நீலச் சாம்பலில் ஒரு குறுகிய பட்டை, அதை ஒட்டி வேர்ப் பக்கம் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு மெல்லிசாக. எல்லோ ஆக்கர் வேண்டியதில்லை. ஜூலை 10 அன்று அதை எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லியிருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 2

இன்னொன்றும் மாற்றிச் சொல்ல வேண்டும். பாட்டில் கருப்பைத் தொடவே மாட்டேன் என்று எழுதினேன். அது தப்பு.

பக்கத்து வீட்டு அத்தை பேத்திக்குத் தலைவாரிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் 1,850 மீட்டர் உயரம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் வருடத்தில் பாதி நாள் எங்களுக்கு எண்ணெய் பாட்டிலில் வெள்ளைக் கட்டியாகத்தான் இருக்கும். அத்தை பாட்டிலை அடுப்பு மேடையில் வைத்து உருக்கி, உள்ளங்கையில் ஊற்றி, அந்தப் பிள்ளையின் தலையில் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். தேய்ப்பதற்கு முன் பழுப்பும் பறட்டையுமாக இருந்த தலை, அரை நிமிடத்தில் மைக் கருப்பாகிவிட்டது. பறந்துகொண்டிருந்ததெல்லாம் சேர்ந்து படிந்தது. ஜன்னல் வெளிச்சம் ஒரு நூல் அகலத்துக்கு, ஆனால் கத்தி மாதிரி பளிச்சென்று விழுந்தது. சீப்பு போன தடம் அந்த வெளிச்சத்தில் வெட்டு வெட்டாகத் தெரிந்தது.

ஆக, எண்ணெய் வைத்த தலைக்குக் கருப்பு சரியான நிறம்தான். கருப்புக்குப் பக்கத்தில் நடுநிறங்களை அடுக்கிக் கரைப்பதுதான் அங்கே தவறு. மினுக்கம் குறுகலாக, கூர்மையாக, ஏறக்குறைய வெள்ளையாக இருக்க வேண்டும், அதன் இரண்டு ஓரமும் சட்டென்று கருப்பில் முடிய வேண்டும். எண்ணெய் வைக்காத தலைக்கு இதற்கு நேர் எதிர். பட்டை அகலம், வெளிச்சம் மங்கல், ஓரம் கரையும்.

நம் கொலுப் பொம்மைகளுக்கு ஏன் காலம் காலமாகப் பளபளவென்று கருப்பு அடிக்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அவர்கள் பார்த்த தலைகள் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைகள். தம்பி, உங்கள் எனாமலில் நிறம் குற்றமில்லை, தடிமன்தான் குற்றம்.

ஆகஸ்ட் 16

பின்னல் பற்றிச் சுருக்கமாக. மூன்று கால் பின்னலில் ஒவ்வொரு மடிப்பும் தனித் தலை மாதிரி. ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு மினுக்கம், மடிப்பு உள்ளே புகும் இடத்தில் நல்ல கருப்பு. பின்னல் முழுவதற்கும் சேர்த்து மேலிருந்து கீழே ஒரே கோடாக வெளிச்சம் போட்டால் அது ரப்பர் குழாய். கொண்டைக்கு அப்படி இல்லை, அது உருண்டை, ஒரே ஒரு பிறை போதும்.

ஆகஸ்ட் 27

இன்று ஒரு விபத்து. கொழுந்து பறிக்கும் பெண்கள் நான்கு பேர் கொண்ட செட் ஒன்றை முடித்து, கடைசியில் பளபளப்பை அடக்கும் மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தேன். வெளியே மழை இல்லை, மூட்டம் மட்டும்தான், அவசரத்தில் சரி என்று நினைத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் நான்கு தலையும் சாம்பல் பூத்துவிட்டன. காற்றில் இருந்த ஈரம் வார்னிஷோடு சிக்கி வெள்ளைப் படலமாகிவிட்டது. சேலையில் அவ்வளவாகத் தெரியவில்லை, கருப்பு முடியில் அப்படியே தெரிகிறது. என் மகள் வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, எல்லாரும் ஒரே நாள்ல பாட்டி ஆயிட்டாங்க?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆறு வார வேலை.

ஆகஸ்ட் 30

மீட்டுவிட்டேன். வெயில் வந்த நாளாகப் பார்த்து, நடுப்பகலில், பளபளப்பு வார்னிஷைப் பிரஷ்ஷால் மெல்லிசாக முடி மேல் தடவினேன். படலம் கண்ணெதிரே தெளிந்து அடியில் இருந்த நிறம் மேலே வந்தது. முழுக்கக் காய்ந்ததும் மேட் வார்னிஷ், அதுவும் பிரஷ்ஷால். மலையில் இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், ஜூன் முதல் டிசம்பர் வரை ஸ்ப்ரேயை எடுக்காதீர்கள். அவலாஞ்சி, ஊட்டிப் பக்கம் தென்மேற்கு மழை, குன்னூர் கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழை. யாருக்கும் விடுதலை கிடையாது. கொடைக்கானலில் இருக்கும் அக்காவுக்கும் இதே கதைதான் என்று எழுதியிருக்கிறார்.

நான்கில் ஒரு பெண்ணின் தலையில் மட்டும், நெற்றியில் துணிக்கு வெளியே நீட்டிய முடியில், அந்த வெண்மையைத் தெளிவிக்காமல் விட்டுவிட்டேன். காலையில் மூட்டத்துக்குள் நின்று பறிக்கிறவர்களின் நெற்றி முடியில் பனித்துளி கோத்து அப்படித்தான் வெளுத்திருக்கும். அதை வேண்டுமென்றே வரைய நான் பலமுறை முயன்று வராமல் போனது.

செப்டம்பர் 11

தோடர் பெண்களின் சுருள் முடியை எப்படிக் காட்டுவது என்று ஈரோட்டிலிருந்து கேட்டிருக்கிறார்கள். முதலில் ஒன்று. பழைய புகைப்படம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு செய்யாதீர்கள். ஊட்டியில் அவர்கள் குடியிருப்பான முத்தநாடு மந்துக்குப் போய், பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் பார்த்துச் செய்யுங்கள். அந்த முடி அவர்கள் வெண்ணெய் தடவி, சுருட்டி, பொறுமையாக உருவாக்குவது. தோளில் கிடக்கும் ஒவ்வொரு சுருளும் கையால் செய்தது.

வண்ணம் என்று பார்த்தால் எனக்குத் தெரிந்த மிகக் கடினமான முடி அது. சுருள் ஒவ்வொன்றும் திருகாணி மாதிரி இறங்குகிறது. திருகு ஒவ்வொன்றிலும் வெளிச்சம் ஒரே பக்கத்தில், சிறு சாய்வுக் கோடாக விழும். மேலிருந்து கீழே எண்ணினால் ஒரே சுருளில் ஏழெட்டுக் கோடு. எல்லாவற்றையும் ஒரே அளவு பளிச்சென்று போட்டால் அது ஸ்பிரிங் ஆகிவிடும். தோள் உயரத்தில் இருக்கும் இரண்டு மூன்றை மட்டும் தூக்கி, மேலும் கீழும் அடக்க வேண்டும். வெண்ணெய் இருப்பதால் எண்ணெய்த் தலையின் சட்டம்தான் இங்கேயும். கருப்பு, கூர்மை. நான் ஒரு தலை செய்தேன். சுமார்தான். சிவப்பும் கருப்பும் பூவேலை போட்ட வெள்ளைப் பூத்துக்குளி, அவர்கள் போர்த்தும் சால்வை, அதைவிட நன்றாக வந்தது, ஊசி வேலை என்பதால் இருக்கலாம்.

செப்டம்பர் 25

தம்பி படம் அனுப்பியிருக்கிறார். முடி முடியாக இருக்கிறது! அந்த நீலச் சாம்பல் பட்டை உட்கார்ந்த இடம் அருமை. ஒன்று மட்டும் குறை. நெற்றியில் முடி தொடங்கும் எல்லை பேனாவால் கீறியது போல் இருக்கிறது, அதனால் விக் வைத்த மாதிரித் தெரிகிறது. தோல் நிறத்தையும் முடி நிறத்தையும் பாதிக்குப் பாதி கலந்து, நன்றாக நீர்க்க விட்டு, அந்த எல்லையில் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு ஓட்டுங்கள். காதுக்கு முன்னாலும் கழுத்துப் பின்னாலும் இன்னும் அகலமாக, ஏனென்றால் அங்கே பூனைமுடி உண்டு.

வகிட்டை முகத்தின் நிறத்திலேயே போடக் கூடாது. வெயிலில் திரிகிற பெண்ணுக்கு முகம் கறுத்திருக்கும், தலையில் துணி கட்டும் பழக்கம் இருந்தால் வகிடு வெளுப்பாக இருக்கும். அம்மா வேலைக்குப் போன காலத்தில் தலைத்துணியை அவிழ்க்கும்போது வகிடு மட்டும் வேறொருத்தியுடையது போல் தெரியும்.

அக்டோபர் 15

கொலு வைத்தாயிற்று. நான்கு பெண்களும் மூன்றாம் படியில்.

2024 ஜனவரி 7

மறுபடி தொடங்குகிறேன், இந்த முறை விற்பதற்கு இல்லை. அம்மா. ஆறு அங்குலம், பிசைந்தால் இறுகும் எம்-சீல் பசையில். தலைக்குக் குளித்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்து, முடியை அவிழ்த்துவிட்டு வெயிலில் காய வைக்கிறாள். எம்-சீல் குளிரில் மெதுவாகத்தான் இறுகுகிறது, அதனால் முடி வரிகளை ஊசியால் நிதானமாகக் கீற நேரம் கிடைத்தது. கடையில் ஜாக்கெட் தைக்கிற ஊசிதான், பின்பக்கத்தைத் தீக்குச்சியில் செருகிக்கொண்டேன்.

குளிரால் கெட்டதும் உண்டு. விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து அடித்தளம் அடித்தேன். மத்தியானம் பார்த்தால் விரல் பட்ட இடத்தில் பொடியாக வருகிறது. அக்ரிலிக் சுமார் 9, 10 டிகிரிக்குக் கீழே சரியாகப் படலம் கட்டாது. தண்ணீர் போய்விடும், உள்ளே இருக்கும் பிசின் துகள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டாது. காய்ந்த மாதிரி தெரியும், காயவில்லை. தேய்த்து எடுத்துவிட்டு, பத்து மணிக்கு மேல் ஜன்னலோரத்தில் மறுபடி அடித்தேன்.

ஜனவரி 13

நரையைச் சாம்பல் நிறத்தில் அடித்துப் பார்த்தேன். சிமெண்ட் சிலை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் அநேகமாக ஒன்றும் இல்லை. நிறம் போன முடி வெள்ளை, போகாதது கருப்பு, இரண்டும் கலந்து தூரத்திலிருந்து சாம்பலாகத் தெரிகிறது. அந்த வெள்ளையும் சுத்த வெள்ளை இல்லை, லேசான மஞ்சள். நிழலில் பழுப்பு.

அதனால் அடியில் கரும்பழுப்பு, மேலே டைட்டானியம் வெள்ளையில் துளி ரா அம்பர் கலந்து கோடுகள். ஜூலையில் கோடே வேண்டாம் என்று சொன்னவள்தான் நான். இவை தனி முடி இல்லை, நரைத்த கற்றை. கற்றை என்று வைத்துக்கொண்டால் நிஜத்தில் 2 மில்லிமீட்டர் சரியான அளவுதான். நெற்றியிலும் காதோரத்திலும் நெருக்கமாக, பின்னால் போகப் போக இடைவெளி விட்டு. மேலே அடித்தள நிறத்தில் கண்ணாடிப் போர்வை ஒன்று, வெயில் படும் இடது தோளில் மட்டும் அதுவும் இல்லை. ஈரம் காயாத நுனிகளில் பளபளப்பு வார்னிஷ், அதற்கு மேல் எல்லாம் மேட். நுனி சேர்ந்து கூராகவும், மேலே விரிந்தும் இருக்கிற மாதிரி அதுவே காட்டிவிட்டது.

ஜனவரி 15

பொங்கலன்று அம்மா கையில் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முதுகைத் தடவினாள். பிறகு தன் இடது காதுக்கு மேலே கை வைத்துக்கொண்டு, "இந்தப் பக்கம் எனக்கு இன்னும் கருப்பாத்தானே இருக்கு?" என்றாள்.

போய்ப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. காதுக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்கு நரையே இல்லை. ஒரு வாரமாக வலது பக்கம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இடது பக்கத்தையும் அப்படியே போட்டிருக்கிறேன். இரவு எல்லோரும் படுத்த பிறகு அந்த இடத்தில் அம்பரும் நீலமும் கலந்து நான்கு கோடு இழுத்தேன். அடுப்பு மேடையில், எண்ணெய் பாட்டிலுக்குப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருக்கிறது.